ஊருக்கு ஊர் ஒரு புளிப்பு

"பிலிப்பைன் தீவுகளுக்குப் போய் வந்தீரே! அங்கே என்ன பார்த்தீர்?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள்.

எரிமலையைப் பார்த்தேன், பழைய மாதாகோயில்களைப் பார்த்தேன், நீலக் கடலைப் பார்த்தேன் என்று பதில் சொன்னால் அவர்களுக்குத் திருப்தியாக இருக்கும். ஆனால் பள்ளிக்கூட வாத்தியார் பொய் சொல்லக் கூடாதல்லவா? உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். சென்ற கோடை விடுமுறையில் ஒரு மாத காலம் அந்தத் தீவுகளில் அலைந்து நான் தேடியது ஒரே ஒரு பொருளைத்தான். அதன் பெயர் புளிப்பு!

சிரிக்க வேண்டாம். ஒரு தேசத்தின் சரித்திரத்தை அரண்மனையில் தேடுவோர் உண்டு. போர்க்களத்தில் தேடுவோர் உண்டு. அடுப்பங்கரையில் தேடினால் என்ன? ராஜாக்கள் மாறுகிறார்கள், கொடிகள் மாறுகின்றன, படிக்கும் பாஷைகூட மாறிவிடுகிறது. நாக்கு மட்டும் இலேசில் மாறுவதில்லை. இந்தப் பாடத்தை எனக்குக் கற்பித்தவர் மணிலா நகரத்துப் பாட்டியம்மாள் ஒருவர்.

தகர டப்பா விருந்து

மணிலாவில் சரித்திரம் கற்பிக்கும் அம்மாள் ஒருவர் எனக்குப் பல வருஷங்களாகக் கடித மூலம் சிநேகிதர். அவருடைய வீட்டில்தான் போய் இறங்கினேன். மறுநாள் காலை மேஜையில் பலமான ஏற்பாடு செய்திருந்தார். ரொட்டி, வெண்ணெய், பழப்பாகு, தகர டப்பாவில் அடைத்து வந்த மாட்டிறைச்சி ஆகிய யாவும் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. நான் மீன் உண்பவனேயன்றி மாமிசம் உண்பதில்லை என்பதைத் தயங்கித் தயங்கித் தெரிவித்தேன். அம்மாளின் முகம் வாடிப் போயிற்று.

"மன்னிக்க வேண்டும், சார். தங்களுக்குக் கொடுக்கத் தகுந்ததாக வேறொன்றும் இல்லையே! எங்களுக்கென்று சமைத்த நாட்டுச் சாப்பாடுதான் உள்ளே இருக்கிறது" என்றார்.

நாட்டுச் சாப்பாடு! அந்த வார்த்தையை அவர் சொன்ன தொனி எனக்கு நன்றாகப் பழக்கமான தொனி. எங்கள் வீட்டுக்குப் பெரிய மனிதர் யாராவது வருகிறார் என்றால் கேழ்வரகுக் கூழ்ப்பானை பின்கட்டுக்குப் போய்விடும். கடையிலிருந்து பிஸ்கோத்துப் பொட்டலம் வரும். கடல் கடந்து வந்தும் அதே வெட்கத்தை எதிரே கண்டபோது என் மனம் என்னவோ செய்தது.

நல்ல வேளையாக அம்மாளுடைய பாட்டி அப்போது வாசற்படியில் வந்து நின்றார். அந்த நாட்டில் பாட்டியை 'லோலா' என்று அழைக்கிறார்கள். எண்பது வயதைக் கடந்த அந்த லோலா பேத்தியிடம் தகலோக் பாஷையில் ஏதோ கடிந்து கூறிவிட்டு, உள்ளே போய் ஆவி பறக்கும் பாத்திரம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். அதுதான் 'சினிகாங்'.

சினிகாங் என்பது புளித்த சாறு. அரிசி கழுவிய கழுநீரை அடுப்பிலேற்றி, தக்காளி, வெங்காயம், முள்ளங்கி, வெண்டைக்காய், வள்ளைக்கீரை ஆகியவற்றுடன் மீனையும் இட்டு, புளிப்பான காய் ஏதாவதொன்றைப் போட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். எண்ணெய் கிடையாது, தாளிதம் கிடையாது, மிளகாய்கூட ஒன்றோ இரண்டோதான். சாதத்தின்மேல் அந்தச் சாற்றை ஊற்றி ஒரு வாய் உண்டேன். வெயிலில் நடந்து வந்தவன் ஆற்றில் முழுகினாற்போல் இருந்தது.

"இது எங்கள் கொல்லைக் காமியாஸ் மரத்துப் புளிப்பு" என்றார் லோலா. பேத்தி மொழிபெயர்த்துச் சொன்னார். காமியாஸ் என்பது விரல் நீளமுள்ள பச்சைக் காய். மலையாள தேசத்தில் இலும்பன் புளி என்று சொல்கிறார்களே, அதேதான். "பக்கத்து வீட்டில் புளியங்காய் போடுவார்கள். வடக்கே அடுத்த மாகாணத்தில் கொய்யாப் பழம். தெற்கே போனால் நான் கண்ணாலும் காணாத காய்களெல்லாம் உண்டாம். வாத்தியார் எல்லா ஊருக்கும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து, எது உசத்தி என்று எனக்குச் சொல்ல வேண்டும்."

வாத்தியாருக்கே வீட்டுப் பாடம்! மறுக்க முடியுமா?

அந்தக் காமியாஸ் மரத்தை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அதை வெட்டிவிட்டு அந்த இடத்தில் மோட்டார்க் கொட்டகை கட்டுவதாக உத்தேசம் என்று அம்மாள் பிறகு தனியே சொன்னார். "மரம் எதற்கு, சார்? இப்போது கடையிலேயே சினிகாங் பொடி பொட்டலமாகக் கிடைக்கிறதே!"

காடியும் கப்பலும்

பிரயாணம் தொடங்குவதற்கு முன் சிறிது சரித்திரம் சொல்ல வாசகர்கள் அநுமதிக்க வேண்டும்.

பிலிப்பைன் தேசம் 7,641 தீவுகளால் ஆனது. உஷ்ணமும் ஈரமும் நிறைந்த அந்தத் தீவுகளில் காலையில் பிடித்த மீன் மாலைக்குள் கெட்டுப்போகும். அதைக் காப்பாற்றும் உபாயம் புளிப்பு. தென்னங்கள், உப்பங்கழிகளில் வளரும் நீப்பா என்னும் பனையின் கள், கருப்பஞ்சாறு ஆகிய எதையும் புளிக்க விட்டால் காடியாகிவிடும். அந்தக் காடியில் பச்சை மீனை ஊற வைத்தால் 'கினிலாவ்'. மீனைக் காடியில் வேக வைத்தால் 'பக்சிவ்'. இறைச்சியைக் காடியும் பூண்டும் சேர்த்து வேக வைத்தால் 'அடோபோ'.

1521-ம் வருஷம் மெகல்லனின் கப்பல்கள் அந்தத் தீவுகளை அடைந்தன. உடன் வந்த பிகபெட்டா என்னும் இத்தாலியர், ஜனங்கள் தங்களுக்கு மீனும் பனங்கள்ளும் வாழைப்பழமும் தேங்காயும் கொண்டுவந்து கொடுத்ததைக் குறித்து வைத்திருக்கிறார். தேங்காயிலிருந்து அவர்கள் காடி செய்வதும் அவருடைய கண்ணுக்குத் தப்பவில்லை. 1565-ல் ஸ்பானிய ஆட்சி ஏற்பட்டது. 1613-ல் சான் புவெனவெந்தூரா என்னும் பாதிரியார் தகலோக் பாஷைக்கு அகராதி செய்தபோது, அந்த ஜனங்கள் காடியில் சமைப்பதைக் கண்டு, அதற்குத் தம் நாட்டுப் பெயரை வைத்து 'சுதேசிகளின் அடோபோ' என்று எழுதினார். பெயர் ஸ்பெயினுடையதாயிற்று, சமையல் அவர்களுடையதாகவே இருந்தது. காடிக்கு அங்கே 'சூக்கா' என்று பெயர். வடமொழியில் புளிப்பைக் குறிக்கும் 'சுக்ர' என்னும் சொல்லே மலாய் வழியாக அங்கே போய்ச் சேர்ந்ததென்று மொழியாராய்ச்சிக்காரர்கள் கூறுவர்.

ஸ்பானியர் 333 வருஷம் ஆண்டு, 1898-ல் போனார்கள். அமெரிக்கர் வந்தார்கள். 1901-ல் 'தாமஸ்' என்னும் கப்பலில் சுமார் 500 அமெரிக்க ஆசிரியர்கள் மணிலாவில் வந்து இறங்கினர். அவர்கள் ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் திறந்தார்கள், இங்கிலீஷ் கற்பித்தார்கள். அவர்களில் பலர் பரம சாதுக்கள். வியாதியால் இறந்தவர்களும் உண்டு. என் தொழிலைச் சேர்ந்த அவர்களை நான் குறை சொல்லத் துணியேன். ஆயினும், ஆப்பிள் மரத்தையே காணாத குழந்தைகள் ஆப்பிள் படத்தைப் பார்த்து எழுத்துப் படித்தார்கள். மனைப்பொருளியல் வகுப்பில் கற்ற அமெரிக்கச் சமையலும் தகர டப்பா ஆகாரமுமே நாகரிகத்தின் அடையாளங்கள் என்ற எண்ணம் வேரூன்றியது. என் சிநேகிதரின் மேஜைமீது இருந்த டப்பாவின் வமிச சரித்திரம் இதுதான்.

ஒரு வீராங்கனை

இந்த மயக்கத்தை எதிர்த்து நின்றவர்களில் தலைசிறந்தவர் மரியா ஒரோசா அம்மையார். பட்டாங்காஸ் மாகாணத்தில் தால் என்னும் ஊரில் பிறந்த இவர், அமெரிக்காவில் சியாட்டில் நகரத்துச் சர்வகலாசாலையில் ரஸாயனமும் மருந்தியலும் கற்றார். கோடை விடுமுறைகளில் அலாஸ்காவில் மீன் டப்பாத் தொழிற்சாலைகளில் வேலை செய்து படித்தார் என்றால் அவருடைய மன உறுதி விளங்கும். அங்கேயே உத்தியோகம் கிடைத்தும் இருக்க மனமின்றி 1922-ல் தாயகம் திரும்பினார்.

வெளிநாட்டு டப்பாக்களுக்கு ஏன் பணத்தைக் கொட்ட வேண்டும், நம் தோட்டத்தில் விளைவதை நாமே பக்குவம் செய்ய முடியாதா என்பது அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. தக்காளிக்குப் பதில் வாழைப்பழத்தைக் கொண்டு 'கெச்சப்' என்னும் குழம்பைச் செய்தார். கலமன்ஸி என்னும் சிறு எலுமிச்சையின் சாற்றைப் பொடியாக்கினார். மின்சாரம் இல்லாத கிராமத்துப் பெண்களுக்காக மண்பானையிலேயே ரொட்டி சுடும் அடுப்பை அமைத்தார். கிராமம் கிராமமாகப் போய்ப் பழங்களைப் பதப்படுத்தும் முறையைக் கற்பித்தார்.

1942-ல் ஜப்பானியர் மணிலாவைக் கைப்பற்றினர். அங்கிருந்த அமெரிக்கப் பிரஜைகள் சாந்தோ தோமாஸ் சர்வகலாசாலைக் கட்டிடத்தில் சிறை வைக்கப்பட்டனர். பட்டினியால் வாடிய அவர்களுக்கு அம்மையார் செய்த சோயா மொச்சை மாவும் தவிட்டு ரொட்டியும் இரகசியமாகப் போய்ச் சேர்ந்தன. டப்பா ஆகாரத்தின் சொந்தக்காரர்களை நாட்டுத் தவிடு காப்பாற்றியது! 1945 பிப்ரவரியில் மணிலாவை மீட்கும் யுத்தம் மூண்டது. அந்த ஒரு மாதத்தில் சுமார் ஒரு லட்சம் பொதுஜனங்கள் மாண்டனர். பிப்ரவரி 13-ந் தேதி அம்மையாரும் குண்டுச் சிதறல் பட்டு உயிர் துறந்தார். இன்று மணிலாவில் ஒரு வீதி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்த வீதி வழியாகத்தான் நான் பிரயாணத்தைத் தொடங்கினேன்.

சென்னையிலிருந்து போன சிப்பாய்கள்

மணிலாவுக்குக் கிழக்கே கைந்தா என்றோர் ஊர். 'ஜீப்னி' என்னும் வண்டியிலேறிப் போனேன். இரண்டாவது உலக யுத்தம் முடிந்து அமெரிக்கர் விட்டுச் சென்ற ஜீப் வண்டிகளை நீட்டி, வர்ணம் பூசி, ஜனங்கள் ஏறும் வண்டியாக்கிக்கொண்டதன் வமிசம் அது. அந்நியன் கொண்டுவந்ததை அவர்கள் எவ்விதம் தங்களுடையதாக்கிக் கொள்கிறார்கள் என்பதற்கு அந்த வண்டியே சாட்சி.

கைந்தாவுக்கு நான் போனதற்குக் காரணம் உண்டு. 1762-ல் ஆங்கிலேயர் மணிலாவின்மேல் படையெடுத்தார்கள். அந்தப் படை புறப்பட்ட இடம் நம் சென்னைப் பட்டணம். கப்பலில் வெள்ளைச் சோல்ஜர்களுடன் சென்னை ராஜதானியில் சேர்க்கப்பட்ட சிப்பாய்களும் சென்றனர். அக்டோபரில் மணிலா விழுந்தது. 1764-ல் ஆங்கிலேயர் திரும்பினர். ஆனால் சிப்பாய்களில் பலர் திரும்பவில்லை. படையை விட்டு விலகி, கைந்தாவைச் சுற்றிலும் தங்கி, அந்நாட்டுப் பெண்களை மணந்து, அந்த மண்ணிலேயே மறைந்துபோனார்கள்.

'காரே காரே' என்பது அந்நாட்டின் பிரசித்தமான குழம்பு. மாட்டு வாலையும் காய்கறிகளையும் வேர்க்கடலை விழுதில் கொதிக்க வைத்துச் செய்வது. ஊர் நினைவு தாளாத சிப்பாய்கள் கிடைத்ததைக் கொண்டு செய்த 'கறி'யே காரே காரே ஆயிற்று என்று சிலர் கருதுகின்றனர். வேறு விதமாகச் சொல்வோரும் உண்டு. வழக்குத் தீர்ப்பது என் வேலையல்ல. கைந்தாவில் ஒரு சிறு சாப்பாட்டுக் கடையில் வாழைப்பூவும் கத்தரிக்காயும் நீண்ட பயற்றங்காயும் மட்டும் போட்டு எனக்கென்று அதைச் செய்து கொடுத்தார்கள். பக்கத்தில் 'பாகோவாங்' என்னும் உப்பு இறால் விழுதும் கலமன்ஸிப் பழமும் வைத்தார்கள். பழத்தைப் பிழிந்து விழுதில் கலந்து தொட்டுக்கொண்டதும் மந்தமாயிருந்த குழம்பு விழித்துக்கொண்டது. ஊர் பேர் தெரியாத அந்தச் சிப்பாய்களை நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன்.

தொட்டுக்கொள்ளும் பதார்த்தத்துக்கு அங்கே 'சாவ்சவான்' என்று பெயர். உண்பவன் தன் நாக்குக்குத் தக்கபடி புளிப்பையும் உப்பையும் தானே கூட்டிக்கொள்ளலாம். சமைத்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார். சமையற்காரரும் சாப்பிடுகிறவரும் சேர்ந்து முடிக்கும் சமையல் அது.

வடக்குத் திசை

மணிலாவுக்கு வடமேற்கே உள்ளது பம்பாங்கா மாகாணம். சமையற் கலைக்குப் பேர் போன இடம். லோலா சொன்ன கொய்யாப்பழப் புளிப்பை அங்கேதான் கண்டேன். அதன் பெயர் 'புலங்லாங்'. கொய்யா அந்த நாட்டுப் பழமன்று. 1565 முதல் 1815 வரையில் மெக்ஸிகோவுக்கும் மணிலாவுக்கும் இடையே ஸ்பானியரின் பெருங் கப்பல்கள் ஓடின. அவற்றில் ஏறி வந்த பழம். ஸ்பானியர் கொண்டுவந்த பழத்தையும் தங்கள் பழைய சாற்றுக்குள் போட்டுக்கொண்டார்கள்! நன்கு பழுத்த கொய்யாவின் வாசனையுடன் அந்தச் சாறு இனிப்புக்கும் புளிப்புக்கும் நடுவே ஊசலாடுகிறது.

இம்மாகாணத்து 'சிசிக்' இன்று உலகப் பிரசித்தம். 1974-ல் அஞ்சலீஸ் நகரத்தில், ரயில் பாதையோரத்தில் கடை வைத்திருந்த லூசியா குனானன் என்னும் பெண்மணி, பன்றித் தலை மாமிசத்தைச் சுட்டு, நறுக்கி, வெங்காயமும் கலமன்ஸியும் சேர்த்து விற்றுப் புகழடைந்தார். பக்கத்திலிருந்த அமெரிக்க விமானப் படைத் தளத்தில் வேண்டாமென்று ஒதுக்கிய தலைகள் மலிவாகக் கிடைத்ததே இதற்குக் காரணம் என்று சொல்வார்கள். 1991-ல் பினத்தூபோ எரிமலை வெடித்தது. அதே வருஷம் அமெரிக்கர் அந்தத் தளத்தைக் காலி செய்தனர். சிசிக் நிலைத்துவிட்டது. ஆனால் 1732-ல் வெளியான பம்பாங்கா பாஷை அகராதியிலேயே சிசிக் என்ற சொல் இருக்கிறது. அதில் அதற்கு மாமிசம் என்று பொருளில்லை. பச்சைப் பப்பாளி, கொய்யா முதலிய காய்களைக் காடியில் கலந்து செய்யும் பச்சடி என்று பொருள். நான் அந்தப் பழைய சிசிக்கை ஒரு வீட்டில் செய்யச் சொல்லி உண்டேன். மாமிசம் உண்ணாதவனுக்குச் சரித்திரம் இப்படிக் கைகொடுத்தது.

அங்கிருந்து இராப் பிரயாணமாக வடக்கே இலோகோஸ் பிரதேசத்திலுள்ள வீகான் நகரம் சேர்ந்தேன். வீதியெல்லாம் ஸ்பானியர் காலத்துக் கல் வீடுகள். சதுக்கத்தில் மாலை வேளையில் 'எம்பனாதா' சுட்டு விற்கிறார்கள். பெயர் ஸ்பானியப் பெயர். அரிசி மாவினாலான மெல்லிய மேலோடு. உள்ளே துருவிய பச்சைப் பப்பாளியும் முட்டையும். இறைச்சி வேண்டாமென்றால் விட்டுவிடுகிறார்கள். பொரித்தெடுத்த சூட்டோடு கருமையான காடியில் தோய்த்துத் தின்ன வேண்டும். அந்தக் காடிதான் விசேஷம்.

கருப்பஞ்சாற்றைக் காய்ச்சி, சில மரப்பட்டைகளையும் இலைகளையும் இட்டு, 'புர்னாய்' என்னும் பெரிய ஜாடிகளில் புளிக்க வைத்தால் 'பாஸி' என்னும் மது உண்டாகிறது. அதை மேலும் விட்டுவைத்தால் இலோகோஸ் காடி. ஸ்பானிய சர்க்கார் இந்தப் பாஸியை ஜனங்கள் தாங்களே செய்து குடிக்கக் கூடாது, சர்க்கார் கடையில்தான் வாங்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. 1807 செப்டம்பரில் ஜனங்கள் கிளர்ந்தெழுந்தார்கள். துப்பாக்கிக்கு எதிரே ஈட்டியும் அரிவாளும் என்ன செய்யும்? கலகம் அந்த மாதத்திலேயே அடக்கப்பட்டது. இச்சம்பவத்தை 1821-ல் விலியனுவேவா என்னும் ஓவியர் 14 படங்களாக எழுதினார். அவை வீகானில் பத்திரமாக இருக்கின்றன. மதுவைப் போற்றுவது என் கொள்கையன்று. ஆயினும், தன் தோட்டத்துக் கரும்பின் சாற்றைத் தான் காய்ச்சக் கூடாதென்று தடுத்தபோது ஏழைக் குடியானவனுக்கு எழுந்த கோபத்தை உப்புக்காக நடந்த தேசத்தைச் சேர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டுவதில்லை. காடிக் கிண்ணத்தில் எம்பனாதாவைத் தோய்க்கும்போது கை சற்றே நின்றது.

துவரையும் பலாக்காயும்

பிறகு தெற்கே விஸாயத் தீவுகள். பனாய் தீவிலுள்ள இலோயிலோ நகரத்தை 2023-ல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம் உணவுக் கலை நகரம் என்று அங்கீகரித்தது. பிலிப்பைன் தேசத்தில் அந்தக் கௌரவம் பெற்ற முதல் நகரம் அதுவே.

அந்தப் பிரதேசத்துப் புளிப்பு 'பத்துவான்' என்னும் உருண்டைக் காய். நம் பக்கத்துக் குடம்புளியின் ஒன்றுவிட்ட சகோதரன். புளியங்காயைப் போல் பல்லைக் கூசச் செய்யாமல் மெதுவாக வந்து நாக்கில் உட்காருகிறது. அதைக் கொண்டு அவர்கள் செய்யும் பெருங் குழம்பில் மூன்று வஸ்துக்கள் சேரும்: துவரை, பன்றி இறைச்சி, பலாக்காய். நான் தங்கியிருந்த வீட்டுக்காரி இறைச்சிக்குப் பதில் சுட்ட மீனைப் போட்டுச் செய்து கொடுத்தாள். கறுப்புத் துவரையின் சாயம் ஏறி ஊதா நிறத்தில் இருந்த அந்தக் குழம்பைச் சாதத்தில் பிசைந்தபோது, தூர தேசத்தில் இருக்கிறோம் என்ற நினைவே போய்விட்டது. துவரையும் பலாவும் புளியும் சேர்ந்தால் எந்தத் தமிழனுக்குத்தான் வீட்டு ஞாபகம் வராது?

"இதை மணிலாவில் செய்ய முடியாதா?" என்று கேட்டேன். "பத்துவானுக்கு எங்கே போவது?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். அந்தக் கேள்வியில்தான் என் பிரயாணத்தின் காரணம் முழுவதும் அடங்கியிருந்தது. பெரிய ஹோட்டல்கள் பதார்த்தத்தின் பெயரை இடம் மாற்றிவிடலாம். மரத்தை இடம் மாற்ற முடியாது. மரம் இருக்கும் ஊருக்கு நாம்தான் போக வேண்டும்.

ஆயிரம் வருஷத்துக் காய்

கடைசியாக மிண்டனாவோ தீவு. அதன் வடகரையில் உள்ளது ககயான் தெ ஓரோ நகரம். இங்கே கினிலாவ் செய்வதற்கு 'தபோன் தபோன்' என்றொரு காய் வேண்டும். பார்ப்பதற்கு அழுக்குப் பிடித்த உருளைக்கிழங்கைப் போல் இருக்கிறது. குறுக்கே வெட்டி, உட்பகுதியைச் சுரண்டிக் காடியில் பிழிந்து விடுகிறார்கள். அந்தத் துவர்ப்புச் சாறு மீனின் கவிச்சியை அடியோடு போக்கிவிடுகிறது. பிறகு இஞ்சி, வெங்காயம், பச்சை மிளகாய், கலமன்ஸிச் சாறு. அடுப்பே கிடையாது, புளிப்பே நெருப்பு. கண்ணாடி போலிருந்த மீன் துண்டு பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெந்ததுபோல் வெளுத்துவிட்டது. பச்சை மீனா என்று முகம் சுளித்துக்கொண்டே முதல் துண்டை வாயிலிட்டேன். கிண்ணம் காலியான பிறகுதான் நிமிர்ந்தேன்.

கிழக்கே பஸ்ஸில் போனால் புத்துவான் நகரம். 1976 முதல் பழங்காலப் பலகைப் படகுகள் அங்கே பூமிக்கடியில் அகப்பட்டு வந்திருக்கின்றன. பத்தாவது நூற்றாண்டுக்கும் பதின்மூன்றாவது நூற்றாண்டுக்கும் இடைப்பட்ட காலத்தைச் சேர்ந்த அந்த மண்ணடுக்கில் வேறொன்றும் கிடைத்தது. குறுக்கே வெட்டிப் பிழிந்தெறிந்த தபோன் தபோன் காயின் பாதிகளும், துண்டமாக நறுக்கிய மீனின் முட்களும்! கினிலாவைப் பற்றி 1991-ல் ஒரு தனி நூலே வெளியிட்ட டோரீன் பெர்னாண்டஸ் என்னும் பேராசிரியையும் எடில்பெர்த்தோ அலெக்ரே என்னும் அறிஞரும் இச்செய்தியை எடுத்துக்காட்டியிருக்கிறார்கள்.

மெகல்லன் வருவதற்கு முன்னால், ஸ்பெயின் என்றொரு ராஜ்யம் உண்டாவதற்கும் முன்னால், அந்தக் கரையில் யாரோ ஒருத்தி அந்தக் காயைக் குறுக்கே வெட்டி, மீனின்மேல் பிழிந்துவிட்டு, தோலை எறிந்திருக்கிறாள். முந்தைய நாள் சந்தையில் எனக்காகக் காயை வெட்டிய பெண்ணும் அதே விதமாகக் குறுக்கேதான் வெட்டினாள். இடையில் மூன்று சாம்ராஜ்யங்கள் வந்து போய்விட்டன. கத்தி பிடிக்கும் கை மாறவில்லை.

வீட்டுப் பாடம்

மணிலாவுக்குத் திரும்பி வந்த மறுநாள் காலையில் மேஜையருகே போய் உட்கார்ந்தேன். ரொட்டி இருந்தது. பக்கத்தில் சாதமும் சினிகாங்கும் இருந்தன. இந்தத் தடவை கொண்டுவந்து வைத்தவர் பேத்தி.

கையோடு கொண்டுபோயிருந்த குறிப்புப் புத்தகத்தைப் பிரித்து, கொய்யா, கரும்புக் காடி, பத்துவான், தபோன் தபோன் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். சரித்திர ஆசிரியையான அந்த அம்மாள் வெட்டிய காயைப் பற்றிய விவரத்தை மட்டும் இரண்டு முறை கேட்டுக்கொண்டார்.

"என் வகுப்பில் 1521-லிருந்துதான் நான் பாடத்தை ஆரம்பிப்பது வழக்கம்" என்று மெதுவாகச் சொன்னார்.

லோலாவுக்குப் பொறுமை இல்லை. "அதெல்லாம் இருக்கட்டும். எது உசத்தி?" என்றார்.

நானும் யோசித்து வைத்திருந்த பதிலைச் சொன்னேன்: "அந்தந்த ஊரில் உண்ணும்போது அந்தந்த ஊர்ப் புளிப்பே உசத்தி, அம்மா."

லோலா தலையை ஆட்டினார். "வாத்தியாருடைய விடை தப்பு. எங்கள் காமியாஸ்தான் உசத்தி" என்று சொல்லிவிட்டு, இன்னும் ஓர் அகப்பை சாற்றை என் சாதத்தில் ஊற்றினார்.

சென்ற வாரம் அம்மாளிடமிருந்து கடிதம் வந்தது. தம் வகுப்பு மாணவர்கள் ஒவ்வொருவரும் வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேட்டு, தங்கள் வீட்டுச் சினிகாங்குக்குப் புளிப்பு எந்த மரத்திலிருந்து வருகிறதென்று எழுதி வரும்படி பணித்தாராம். பலர் மரத்தின் பெயரை எழுதி வந்தார்களாம். தெருப் பெயருடன் எழுதியவர்களும் உண்டாம். சிலருடைய காகிதத்தில் 'பொட்டலம்' என்ற ஒரே சொல் இருந்ததாம். அந்தப் பிள்ளைகளைக் கொல்லைக்கு அழைத்து வந்து மரத்தைக் காட்டினாராம். மோட்டார் இன்னும் தெருவில்தான் நிற்கிறதென்றும், மழையில் நனைகிறதென்றும், லோலா அதைப் பற்றிக் கவலைப்படவில்லையென்றும் எழுதியிருக்கிறார்.